எதுவும் முளைக்காத புட்டி

மாரண்டஅள்ளியில் ரயிலேறும்போது இருட்டு.
ஓசூரில் இறங்கும்போது
கம்பெனிக் கூரைகளில் வெயில் ஏறியிருக்கும்.
கேட்டில் பைச் சோதனை,
பிறகு மூன்று அறைகள், மூன்று ஜோடிச் செருப்பு.
கடைசி அறைக்குள் என்னுடையது என்று போவது
கண்கள் மட்டும்.
முகக்கவசம் ஏறியபின்
என் பல்லின் பழுப்புக் கோடுகளை
யாரும் பார்ப்பதில்லை.

முதலில் தண்ணீர்.
எங்கள் தெரு போர்வெல் தண்ணீர்
எலும்பு வரைக்கும் போய்க் கையெழுத்துப் போடும்.
இங்கே கரி, சவ்வு, பிசின், ஊதா விளக்கு
எல்லாம் தாண்டி
எந்த ஊர் என்று சொல்லத் தெரியாத தண்ணீர் இறங்குகிறது.
மீட்டர் பதினெட்டு புள்ளி இரண்டு காட்டினால்தான்
குழாயைத் திறப்பேன்.
குடிக்கப்போவது
ஒரு வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்கள்.
குட்டி செத்து அறுபது வருஷம் இருக்கும்,
ஷம்ஷாத் மேடம் சொன்னார்.
சிறுநீரகம் மட்டும் இன்னும்
வாரம் இருமுறை தீனி கேட்கிறது.

பொடியைத் தூவுகிறேன்.
சர்க்கரை, வைட்டமின், கண்ணீர் அளவுக்கு உப்பு.
காந்தத் துண்டு அடியில் சுழல
நடுவில் ஒரு குழி விழும்.
ஒகேனக்கலில் பரிசல்காரர் வேண்டுமென்றே சுற்றிவிட்டது
வயிற்றுக்கு ஞாபகம் வரும்.
பிறகு சோடா உப்பு,
ஆப்பமாவில் போடுவதுதான்,
இங்கே தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம்.

நிறம்தான் பேசும்.
மாம்பழ மஞ்சள் என்றால் புளித்துவிட்டது.
ரோஜா என்றால் காரம் கூடிவிட்டது.
ராயக்கோட்டை மண்டியில்
நாளைக்கு லாரி ஏறும் தக்காளி,
இன்னும் முழுசாய்ப் பழுக்காதது,
அங்கே நிறுத்து.
வடிகட்டும்போது கொஞ்சம் ஏறும்,
அதனால் ஒரு மயிரிழை முன்பே.

கடைசியில் சீரம்.
ஐம்பத்தாறு டிகிரியில் அரைமணி கிடந்து
தேன் நிறத்தில் வரும்.
லேபிளில் சின்ன எழுத்து:
பிறக்காத கன்று.
படிக்காமல் ஊற்றப் பழகியிருந்தேன்.

போன மாசம் ஒரு புதன்கிழமை
அதைப் படித்துவிட்டேன்.
முந்தின இரவு எங்கள் மாடு
கோமாரியில் கன்று வீசியிருந்தது.
நாங்கள் இங்கே செய்வதும்
கோமாரிக்குத்தான் ஊசி.

மறுநாள் காலை
இருபது லிட்டரும் அரிசி களைந்த தண்ணீர்.
ஃபில்டர் ஓரத்தில் ஒரு மடிப்பு.
பொருத்தியது நான்.
யாரும் திட்டவில்லை.
முனிவெங்கடப்பா நோட்டில் எழுதினார்:
சீரம் இரண்டு லிட்டர், வீண்.
பக்கத்தில் ஒரு தொகை,
ஏறத்தாழ என் ஒரு வருஷம்.
எங்கள் ஊருக்கு முகாம் எப்போது வரும் சார் என்றேன்.
அது வேற டிபார்ட்மென்ட்மா என்றார்.
பிளீச்சிங் வாசனையோடு
எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினோம்.

இன்று ஃபில்டரை மூன்று முறை பார்த்தேன்.
குமிழி சோதனை, பம்ப்,
சிவப்பு ஒரு சொட்டும் சிந்தாமல்
புட்டி புட்டியாய் இறங்கியது.
முதல் புட்டியும் கடைசிப் புட்டியும்
முப்பத்தேழு டிகிரியில், மூன்று நாள்.
செல் கிடையாது, உள்ளே எதுவும் கிடையாது.
எதுவும் நடக்காததற்குக்
காவல் இருக்கிற வேலை இது.

சனிக்கிழமை,
கடைசிப் புட்டியை விளக்குக்கு நேரே தூக்குகிறேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
முனிவெங்கடப்பாவின் சட்டைப் பொத்தான்கள்
ஒவ்வொன்றாய்த் தெரிகின்றன.
நான்காவது இல்லை, ஊக்கு.