ஜெனரேட்டர் விற்பனைக்கு

மின்வெட்டுக் காலத்தில்
பதினோராயிரம் ராண்ட்.
இப்போது நாலாயிரத்து ஐந்நூறு என்று போட்டேன்.

விளம்பரத்தை மேலே தூக்க எழுபது.
"இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்
காணாமல் போனவர்கள் பதினேழு பேர்.
அதற்குக் கட்டணமில்லை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸுக்கு
வண்டி வாடகை முந்நூற்றைம்பது, என் தலையில்.
அந்த வண்டியை இந்த ஊரில் பாக்கி என்கிறார்கள்.
பேர் பொருத்தம்.

ரொக்கத்தை வங்கியில் கட்டினால்
வாங்கி வைப்பதற்கும் கை நீட்டுகிறான்.

வரி உண்டா என்று பூபாலனைக் கேட்டேன்.
கணக்கு பார்ப்பவன், சிரித்தான்:
"லாபம் வந்தால்தானே, கோகிலா?"

நஷ்டத்துக்கு ஏதும் படிவம் இருக்கிறதா?
சரி, விடு.

வாங்க வந்த பெண் கயிற்றை இழுத்தாள்.
மூன்றாம் இழுப்பில் உறுமியது.
பக்கத்து வீட்டுச் சுப்பராயன்
பழக்க தோஷத்தில்
எக்ஸ்டென்ஷன் வயரோடு
மதிலருகே வந்து நின்றார்,
பட்டப்பகலில்.