சீட்டில்லாப் பயணி

டிராமில் சீட்டுப் பரிசோதிக்கிறவளுக்குச்
சிரிப்பு எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.
காதுக்குப் பின்னாலிருந்த கட்டியை எடுத்தார்கள்;
அதோடு இடது கன்னமும்
வேலையை விட்டு நின்றுகொண்டது.
சூப் ஒழுகியது.
'பிலெட்' என்று கேட்டால்
முதல் எழுத்து காற்றாகப் போனது.
இரவில் இமையை டேப் ஒட்டி மூடினேன்,
கடை சாத்துகிற மாதிரி.

போஸ்னான் ஆஸ்பத்திரியில் டாக்டர் வென்ட்சல்
என் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தார்.
"இங்கே ஒரு நரம்பு, பானி ஓட்டிலியா.
பாதத்தின் ஓரத்துக் குளிரை
உங்களுக்கு வந்து சொல்வது இதுதான்.
கடன் வாங்கலாம்."
திருப்பித் தருவீர்களா என்றேன்.
மாட்டேன் என்றார்.
அந்தப் பதிலுக்காகவே கையெழுத்துப் போட்டேன்.

வலது கன்னத்தில்
சிரிக்கத் தெரிந்த ஒரு கிளையில் அதைத் தைத்து,
மேலுதட்டுக்கு உள்ளாகவே
அக்கரைக்குப் பாதை போட்டார்.
நூல், முடியைவிட மெல்லிசாம்.

பிறகு காத்திருப்பு.
நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நடக்கும்.
பனியில் சிக்கிய டிராம்கூட
இதற்கு எவ்வளவோ மேல்.
காலையில் விரல்நுனியால் தட்டிப் பார்ப்பேன்:
எங்கே குறுகுறுக்கிறதோ
அதுவரை வந்தாயிற்று.
மார்ச்சில் மூக்குக்குக் கீழே.
செப்டம்பரில் இடது கோரைப்பல்லுக்கு மேலே.
லெஷெக் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான்;
ஒருநாள் மறந்துபோய்
இரண்டு நாளுக்குச் சண்டை.

குளிர்காலத்தில் மறுபடி மேசை.
உள்தொடையிலிருந்து ஒரு துண்டுத் தசை.
குதிரை ஏறுகிறவர்களுக்குத்தான் அது தேவையாம்.
நான் எந்தக் குதிரையில் ஏறினேன்?
குழாயோடு குழாய், நரம்போடு நரம்பு சேர்த்து
கன்னத்தில் குடிவைத்தார்கள்.
எட்டு மாதம்
வாடகை தராதவன் கதவு திறக்காததுபோல்
சத்தமே இல்லை.

நவம்பரில், கடைசி வண்டியில்
சீட்டில்லாத ஒரு மாணவன். மடியில் நாய்.
"சீட்டா? இவன்தான் தின்றுவிட்டான்."
நாய் முகத்தைத் திருப்பி
ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை.
இருண்ட கண்ணாடியில்
என் இடது உதட்டோரம் தானாக ஏறியது;
சின்னதாக, கொஞ்சம் கோணலாக,
வலதைப் பார்த்துக்கொண்டே.

அபராதம் எழுதினேன்தான்.
பையன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன்.

இறங்கிச் சேற்றுப்பனியில் வீடுவரை நடந்தேன்.
சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரிந்தது,
ஒரு கால்
எப்போதோ நனைந்திருக்கிறது.