உணவுத் தரம்

டிக்ஸி சாலை, மிஸ்ஸிசாகா. இரவு ஷிஃப்ட்.
கண்ணாடிக்கு அப்பால் பனி அள்ளும் வண்டி
இல்லாத யாரையோ எச்சரித்தபடி பின்னோக்கி வருகிறது.
என் முன்னால் தட்டு நிறைய உறுப்புகள்:
வாய்முனை, சல்லடை, சிலிக்கோன் வளையம்,
கம்பிச்சுருள், பீங்கான் கிண்ணம்,
இத்தனையையும் கட்டிப் பிடித்திருந்த
பழுப்புப் பசை, கடுகளவு.

வேப்பரைசர் என்கிறது பெட்டி.
எரிக்காது, சூடாக்கும்; புகையில்லை, ஆவி மட்டுமே
என்று விளக்கத்தாள் ஏழு மொழிகளில் சொல்கிறது.
பசையைப் பற்றி ஒரு மொழியிலும் பேச்சில்லை.

வளையத்துக்குச் சான்றிதழ் உண்டு. 'உணவுத் தரம்.'
இருக்கட்டும்.
இட்லி அவிக்க அது தாராளம்.
இருநூற்றுப் பத்து டிகிரியில்
யார் எதைச் சாப்பிடுகிறார்கள்?
வயிற்றுக்காவது வாந்தி எடுக்கத் தெரியும்,
வாசலில் காவலுக்கு நாக்கு உட்கார்ந்திருக்கிறது.
நுரையீரலுக்கு நாக்கு இல்லை.
கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்,
ரசீது கேட்காமல்.

அடுப்பை ஏற்றுகிறேன்.
நூற்றெண்பது: எல்லாரும் யோக்கியர்கள்.
எஃகு சும்மா இருக்கிறது. பீங்கான் சும்மா இருக்கிறது.
நூற்றுத் தொண்ணூற்றைந்தில் சிலிக்கோனுக்கு
லேசாக வியர்க்கிறது,
கேள்வி வரப்போவதைத் தெரிந்துகொண்டவனுக்குப் போல.
இருநூற்றுப் பத்து. பதினான்காம் நிமிடம்.
திரையில் தட்டையாய் ஓடிக்கொண்டிருந்த கோடு
ஒரு விரல் உயரம் எழுந்து இறங்கியது.
பசை வாய் திறந்துவிட்டது.

பொன்னைப் புடம் போட்டால் பொன் மிஞ்சும்.
இதைப் போட்டால் மிஞ்சுவது
ஒரே மூச்சில் சொல்ல முடியாத
நீளமான ஒரு பெயர்.

நேற்றுத்தான் வாடிக்கையாளர் ப்ரூயிட் பேசினார்.
"பெரும்பாலும் நூற்றெண்பதில்தான் வைத்துக்கொள்கிறார்கள்,
அதிலேயே சோதித்துவிடுங்களேன்."
நல்ல குரல். பிள்ளைகள் இருக்கிற குரல்.
கருவியின் பொத்தானோ இருநூற்று முப்பது வரை போகிறது.
மேலாளர் மார்லேனா ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைக் காட்டினாள்:
வெப்பநிலை, வாடிக்கையாளர் விருப்பம்.
முடிவு, வாடிக்கையாளர் சொத்து.
வெளியே மூச்சு விடக் கூடாது.
கடைசி வரி ஆங்கிலத்தில் வேறு மாதிரி இருந்தது.
அதைத் தமிழில் படித்தவள்
அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

மூன்று மணிக்கு வெண்டல் வந்தார், குப்பைப் பைகளை மாற்ற.
முதுகில் இரண்டு அறுவை; குனிவதற்கு முன்
மேசையிடம் அனுமதி கேட்பதுபோல் பிடித்துக்கொள்வார்.
தட்டைப் பார்த்தார். சிரித்தார்.
"அட, என்னுடையதும் இதேதான்."
கோட்டுப் பையிலிருந்து எடுத்தார்.
அதே மாடல், அதே சாம்பல் நிறம்,
மூடியில் ஏதோ குழந்தை ஒட்டிய நட்சத்திரம்.
"வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது.
சிகரெட்டை விட்டு மூன்று வருஷமாகிறது, தெரியுமா?
இது நல்லதுதானே?"

நான் மூச்சு விடவில்லை.
உண்மையாகவே. ஐந்தாறு நொடி.

பிறகு பதிவேட்டைத் திறந்தேன்.
மாதிரி எண் 4418.
கொடுத்தவர்: வெண்டல் பாப்டீஸ்ட்.
"எவ்வளவு சூட்டில் வைப்பீர்கள்?"
"வலியைப் பொறுத்தது. குளிர் கடுமையானால் கடைசி வரைக்கும்."
கடைசி வரைக்கும், என்றே எழுதினேன்.
கட்டணம்: இரண்டு டாலர் இருபத்தைந்து காசு.
அவரிடம் இருந்த சில்லறை அவ்வளவுதான்.
முடிவு, வாடிக்கையாளர் சொத்து.

திருகாணிகள் மிகச் சிறியவை.
ஒன்று தரையில் விழுந்தது; அதைத் தேடிப் பிடித்தவர் அவர்தான்.
கிண்ணத்தின் அடியில் எனக்குத் தெரிந்த அந்தப் பழுப்பு,
அவருடையதில் ஏற்கெனவே கறுத்திருந்தது.

அடுப்பு ஏற நாற்பது நிமிடமாகும் என்றேன்.
வெண்டல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல.
திரையில் கோடு
தட்டையாய் ஓடிக்கொண்டிருந்தது.