இருந்தபடியே

புதாபெஸ்ட்டுக்குத் தன் பெயரிலேயே நடிக்க
வாய்ப்பு வந்து வெகுநாளாகிறது.
போன வசந்தத்தில் பாரீஸ். அதற்கு முன்
இரண்டு முறை மாஸ்கோ.
ஒரு தடவை பியூனஸ் அயர்ஸ், அதற்கென்றே
எட்டுப் பனைகளைத் தொட்டியோடு வாடகைக்குப் பிடித்தேன்.
இந்த ஊர்க் கதையும் ஒன்று வந்ததாம்.
ரீகாவில் எடுத்துவிட்டார்கள். செலவு குறைவு.

தெருவைக் கேட்டு வாங்குவது என் வேலை.
கதவு கதவாகத் தட்டுவேன்.
நான்கு நாளைக்கு பால்கனியில் துணி வேண்டாம்,
டிஷ் ஆன்டெனாவைக் கழற்றிக்கொள்கிறோம்,
ஜன்னலில் தலை தெரியக் கூடாது,
இங்கே ஒரு கையெழுத்து.
மூன்றாம் மாடி ரெஜோ பணத்தை எண்ணாமல்
சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.
"இந்தத் தடவை எந்த ஊர்?"
பெர்லின் என்றேன். குளிர்காலம்.
"அப்போ கோட்டு வேண்டுமே" என்றார்.
ஜூலை வெயிலில்
லாரி நிறையக் காகிதப் பனி வந்துகொண்டிருந்தது.

வாசல் சுவரில் ஐம்பத்தாறாம் வருடத்துத் துளைகள்
பதினொன்று.
கலை இயக்குநர் மண்டியிட்டுப் பார்த்தார்.
அவர் கண்ணுக்கு நேரே இருந்தன.
"அற்புதம். ஆனால் ரொம்பக் கீழே,
ஃபிரேமில் வராது."

அசலைப் பூசி மூடினோம்.
நெஞ்சு உயரத்தில் புதிதாக இருபது.

சாக வேண்டியவன் ஃபின்லே, ஸ்காட்லாந்துப் பையன்.
காயாத பூச்சைத் தடவிக்கொண்டே
அடியில் என்ன என்று கேட்டான். சொன்னேன்.
"ஏன் இவ்வளவு கீழே..."
நான் வாய் திறப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது.

இரண்டடி தள்ளி விழலாமா என்று போய்க் கேட்டான்.
"லைட் இங்கேதான்" என்றார் இயக்குநர்.
ஏழு டேக்.
ஏழிலும் கடைசி நொடியில் இடுப்பை ஒடித்து
அந்த ஈரத்தில் முதுகு படாமல் விழுந்தான்.
கன்டினியூட்டிப் பெண் தன் நோட்டில் எழுதினாள்:
சாவு இயல்பாக இல்லை.

இடத்தை இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும்.
ஒப்பந்தம், பதினான்காம் பிரிவு.
கொத்தனார் ஜோம்போர் இருபதையும் அடைத்துவிட்டு
டிரில்லும் கையுமாக நின்றார்.
"பழைய ஓட்டைகளும் போடணுமா?"
முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோக்களை நீட்டினேன்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடிக்கோல்.
ஆழம் எவ்வளவு என்றார்.
அதை யாரும் அளக்கவில்லை.

மறுநாள் காலை, பால் வாங்கப் போகிற வழியில்
ரெஜோ குனிந்தார், முட்டி பிடித்துக்கொண்டு.
கதவிலிருந்து நான்காவது துளை.
சுண்டுவிரலை உள்ளே விட்டார்,
திருப்பிப் பார்த்தார்.
"இங்கே ஒரு முனை இருக்கும். நகம் இடிக்கும்."
மறுபடி செய்யச் சொல்லட்டுமா என்றேன்.
பதில் இல்லை.
துளைக்கு வாயை வைத்து ஊதினார்.
உள்ளிருந்து கொஞ்சம்
பெர்லின் பனி பறந்து
அவர் புருவத்தில் ஒட்டியது.