பல்வலி போக மீதி

காத்மாண்டுவில் நான்காம் மாடி அறை, நானூறு ரூபாய்.
மரப்படி ஏறி முடிக்கையில் மூச்சு வாங்கியது.
மலைக்கு ஒத்திகை என்று சொல்லிக்கொண்டேன்.
வெயில் வந்தால் வெந்நீர் உண்டு.
புழுதி விலகினால் வெயில் உண்டு.
மூன்று நாளாக இந்த நகரம்
தன் மலைகளைக் கண்ணில் காட்டவில்லை.

நோட்டில் இரண்டே பத்தி:
கீழே ஆகும் செலவு, மேலே ஆகும் செலவு.
இங்கே எண்ணூறு மிச்சம் பிடித்தால்
அங்கே ஒரு தட்டுச் சோறும் பருப்பும்,
கேட்டால் மறுசோறும்.
அதனால் எங்கும் நடந்தேன்.
எருமைக்கறி மோமோவை நின்றபடியே தின்றேன்.
உட்காரும் கடையில் ஐம்பது கூடுதல்.

இறகுச் சட்டை வாடகைக்கு விடும் நுச்சே நாராயண்
நாளுக்கு நூற்றிருபது என்றார்.
எண்பது என்றேன்.
தையலிலிருந்து ஓர் இறகை உருவி ஊதிவிட்டு,
"பேசிக்கொண்டே இரு,
நீ முடிப்பதற்குள் சட்டை காலியாகிவிடும்" என்றார்.
தொண்ணூறு.
அதன் பைக்குள் யாரோ விட்டுப்போன தலைவலி மாத்திரை, இரண்டு.
வரவில் எழுதினேன்.

அன்றிரவுதான்
கடைவாய்ப் பல் விழித்துக்கொண்டது.

பாங்கேமுடா மூலையில் பல்வலிக்கென்று ஒரு சாமி.
முகம் கிடையாது. சுவரோடு ஒரு மரக்கட்டை,
காசு வைத்து ஆணி, ஆணிமேல் காசு,
துருவேறிப் புடைத்த உடம்பு.
எத்தனை வாய்களின் தூங்காத ராத்திரி!
சுற்றிலும் பல் வைத்தியர் கடைகள்.
கண்ணாடிப் பெட்டியில் பல்செட்டுகள்
யாரைப் பார்த்தோ சிரிக்கின்றன.

ஒரு ரூபாய்க் காசு, ஓர் ஆணி.
என் கணக்குக்கு ஏற்ற கடவுள்தான்.
ஆனால் இந்த ஊரில் கைக்குக் கை மாறுவதெல்லாம் தாள்.
தயிர்க்கடையில் கேட்டேன், ஆரஞ்சு விற்பவரிடம் கேட்டேன்.
பத்து ரூபாய்த் தாளை நீட்டி
ஒரு ரூபாய் தாருங்கள் என்று கெஞ்சியவனை
அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

வைத்தியர் கடை வாசலில் நின்று
எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் சுஜலா மானந்தர்.
இழுப்பறையைத் துழாவி ஒரு காசு கொடுத்தாள். சும்மா.
கட்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.
"இடமில்லை, எனக்குத் தெரியும்.
தொட்டு வைத்துவிட்டு உள்ளே வா.
நாலாயிரம் மீட்டரில் அது ஊளையிடும்.
போன மாதம் ஒருத்தன் பாதி வழியில்
சமையல்காரரிடம் குறடு கேட்டிருக்கிறான்."

நாலாயிரத்து இருநூறு.
பேரம் பேச வாயைத் திறந்தேன்.
திறந்த வாய்க்குள் விளக்கைப் பிடித்துவிட்டார்கள்.

மரத்துப்போன கன்னத்தோடு தெருவில் நின்று கூட்டினேன்.
மலையில் இரண்டு நாள் குறைந்திருந்தது.
ஏரி போயிற்று. அந்தக் கணவாய் போயிற்று.
கியான்ஜின் வரை ஏறலாம், தேநீர் குடிக்கலாம்,
இறங்கலாம்.

விடியுமுன் மச்சா போகரியில் பேருந்து.
கோழிக்குஞ்சுக் கூடையோடு பக்கத்தில் ஒரு தமாங் பெண்.
முதல் குலுக்கலில் என் சட்டையிலிருந்து கிளம்பிய இறகு
அவள் சால்வையில் போய் உட்கார்ந்தது.
எடுத்துப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள்.
அவளுடையதில்லை.
என் கைமுட்டியைப் பிடித்துத் திருப்பி
தையலுக்குள்ளேயே செருகிவிட்டாள்.

ஊர் முடிந்து வளைவுகள் தொடங்கின.
வெளியே இன்னும் புழுதிதான்.
நாக்கு மட்டும்
அடைத்த பல்லுக்குப் போய்ப் போய் வந்தது,
புதிதாக நிலம் வாங்கியவன்
வரப்பில் நடப்பதுபோல.