பதினைந்து அங்குலம்

பார்லி அறுவடை முடிந்த அன்றிரவே
ஓலுஃப் போனில் சொல்லிவிட்டான்:
பத்து நாள் உங்களுக்கு.
பதினோராம் நாள் கலப்பை இறங்கும்.

பதினாறு ஹெக்டேர்.
என் பழைய தேடுசுருள் ஒன்பது அங்குலம்.
ரொட்டி சுற்றிய காகிதத்தில் கணக்குப் போட்டேன்.
ஒரு வீச்சுக்கு இவ்வளவு, ஓர் எட்டுக்கு இவ்வளவு,
மழைக்கு ஒரு நாள், இடுப்புவலிக்கு அரை நாள்.
பாதி வயல்கூடத் தேறாது.
செப்டம்பர் பிறந்தால் நாக்ஸ்கவ் ஆலைக்கு
நான் கிழங்கு லாரி ஓட்டப் போயாக வேண்டும்.

ஆகவே வாங்கினேன்,
இரண்டு மாத வாடகையை விழுங்கிய ஒரு கறுப்பு வட்டம்.
வில்லாஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்:
"இதிலே பன்றிக்குட்டியைப் படுக்க வைக்கப் போகிறாயா?"

அவன் பல் கட்டுகிறவன்.
நாள் முழுக்க அரிசி அளவுப் பீங்கானை அராவுகிறவன்.
அவன் சுருள் ஆறு அங்குலம்,
காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டு.
விவாகரத்தில் வீடு, படகு, நாய் எல்லாம் பிரித்தோம்.
வயல்களைப் பிரிக்க மறந்துவிட்டோம்.

பெரியது கனக்கிறது.
தோளில் வார் மாட்டியும் மணிக்கட்டை
ஓர் எலி விடாமல் கொறித்தது.
ஆனால் என்ன காது அதற்கு!
சாண் ஆழம் தாண்டி, எந்தக் கலப்பையும் தொடாத களிமண்ணில்
யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல
ஒரு முனகல்.
முழங்கை மறையத் தோண்டினேன். லாடம்.
அடுத்த முனகல், டிராக்டர் கொக்கி.
அதற்கடுத்தது ஒரு கணப்படுப்பின் கதவு,
அதில் வார்த்த கப்பல்,
பாய்மரம் மட்டும் துருப்பிடிக்காமல்.

ஒரு சங்கடம் உண்டு, கடைக்காரன் சொல்லவில்லை.
அகன்ற வட்டத்தின் கீழ்
ஆணியும் காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்
இரண்டுக்கும் ஒரே வாய்தான்.
அதில் ஆணிதான் உரக்கப் பேசும்.
எங்கள் பழைய சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது.
யார் ஆணி என்று
இங்கே எழுதப் போவதில்லை.

நாலாம் நாள் மாலை திரும்பினால்
என் காலடித் தடத்திலேயே வருகிறான்,
நான் மூடிய குழிகளுக்கு நடுவே,
ஊசியில் நூல் கோக்கிறவனின் குனிவோடு.
"பொறுக்கி!" என்று கத்தினேன்,
இரண்டு அர்த்தத்திலும்.

உள்ளங்கையை நீட்டினான்.
எச்சில் தொட்டுத் துடைத்த வெள்ளி.
சுண்டுவிரல் நகம், அதிலும் பாதி.
ஏதோ ஒரு சந்தையில் சில்லறை இல்லாமல்
யாரோ கத்தரித்துக் கொடுத்த அரைக்காசு.
அரசன் ஒருவனின் இடது கண், ஒரு காது,
கிரீடத்தில் கொஞ்சம்.
நாலு விரற்கடைதான் ஆழமாம்.
அந்த இடத்தை நான் இரண்டு தடவை கடந்திருக்கிறேன்.
என் பதினைந்து அங்குலம் மூச்சுவிடவில்லை.

"என்னிடம் சிறிசு இன்னொன்று இருக்கிறது, மாட்டிக்கொள்."
வேண்டாம் என்றேன்.
பிறகு, எரிச்சல் தணிந்ததும், எந்த வரிசையில் என்று கேட்டேன்.
அவன் வைக்கோலைக் கிள்ளிக் குச்சியாக நட்டுக் காட்டினான்.
குச்சியைச் சுற்றி இருட்டும்வரை வீசினேன்.
ஒன்றுமில்லை. கொசு.

மியூசியத்துக்கான படிவத்தில்
கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில்
தன் பெயரை மட்டும் எழுதினான்.
நியாயம்தான்.
பேனா என்னுடையது.

பதினோராம் நாள்
லாரிக்கு டீசல் போட்டுவிட்டு வரப்போரம் நிறுத்தினேன்.
ஓலுஃபின் கலப்பை ஐந்து நாக்கால் வயலைப் புரட்டிக்கொண்டிருந்தது.
நான் எட்டாமல் விட்டவை மேலே வருகின்றன.
அவன் விட்டுவைத்த துணுக்குகள்
கீழே, கீழே போகின்றன.
அடுத்த ஆகஸ்டில் எந்தச் சுருள் சரி
என்று இனி யாருக்கும் தெரியாது.

கலப்பைக்குப் பின்னால் கடற்காகங்கள்,
வெள்ளை வெள்ளையாக,
புழு பெரிதா சிறிதா என்று பாராமல்.