பதினெட்டு டிகிரி

ஜஹ்ரா கோர்ட்டில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது.
மூன்று பட்டங்களோடு நிபுணர் சொல்கிறார்:
பிணம் மணிக்கு ஒரு டிகிரி குளிரும்.
அளந்தபோது முப்பத்தாறு.
ஆகவே இறந்து ஒரு மணி நேரம்.
அந்த ஒரு மணி நேரத்தில்
அறைக்குள் இருந்தவன் செபஸ்தியடிமை மட்டும்.

என் வேலை அரபியைத் தமிழில் தருவது.
தூக்கு என்ற சொல் வந்தால்
அதையும் நான்தான் தரவேண்டும்.
'ஏறக்குறைய' என்றும் அவர் ஒருமுறை சொன்னார்.
தட்டச்சில் அது ஏறவில்லை.

கம்பிக்குள்ளிருந்து அவன் என்னிடம்தான் கேட்டான்:
"அண்ணே, ஏசி ஓடலைன்னுதானே
என்னைக் கூப்பிட்டாங்க?
ஆகஸ்டு மாசம். தகரக் கூரை.
தொட்டித் தண்ணியே ராத்திரி முழுக்கக் கொதிக்குது.
பிணம் எங்கேண்ணே குளிரும்?"

அரபியில் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல்.
நிபுணர் யோசித்தார். நான் பார்த்தேன், யோசித்தார்.
பிறகு,
"சூத்திரம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்."
நீதிபதி தாளைத் திருப்பினார்.

அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
வெளியே காரின் கைப்பிடி சுட்டது.
கையை உதறிக்கொண்டு நின்றேன்.
எத்தனை மணிக்கு நிறுத்திய கார் இது,
தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும் யாராவது.